முந்திரிகைப் பந்தலும் ஒரு மண்சாடியும்

பழுத்த பழம் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. அதனை உண்ண வேண்டும். அல்லது விற்க வேண்டும். அல்லது வேறோர் உருவுக்கு மாற்றிச் சேமிக்க வேண்டும். இம்மூன்றும் இயலாதபோது பழம் தன் வழியே போகத் தொடங்குகின்றது. அவ்வழியில் முதலில் வருவது மது. அதனைத் தாண்டினால் வருவது வினாகிரி. இவ்விரண்டுக்குமிடையே ஒரு குடும்பம் சில வாரங்கள் தடுமாறி நின்ற கதையை இங்கே சொல்லப் புகுகின்றோம். குடும்பம் எமது, ஆண்டு 2006.

யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்று நாம் சொல்வது திராட்சையை. தமிழகத்து நண்பர் ஒருவரிடம் எமது வளவில் முந்திரிகைப் பந்தல் இருப்பதாகச் சொன்னபோது, மரமுந்திரியைப் பந்தலில் ஏற்றிய விந்தை யாதென்று அவர் வினவினார். கோண்டாவில், இணுவில், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண்ணிலே, கிணற்றுநீர் பாயும் தூரத்தில், கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்களை எவரும் காணலாம். ஆயினும் முந்திரிகை இம்மண்ணுக்கு உரிய கொடியன்று. குளிர்நாடுகளில் அது பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி, வசந்தத்தில் விழித்துக் காய்க்கும். இங்கே அதனை உறங்கவைக்கப் பனியில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராயிருந்த டைக் துரை இதற்கொரு வழி கண்டார். கொடியின் வேர்களை வெளிப்படுத்தி வெயிலில் காயவிட்டு, செயற்கையாக ஓர் ஓய்வை அதற்குக் கொடுத்தார். 1859 இல் வெளிவந்த சேர் எமர்சன் டெனன்டின் இலங்கை பற்றிய நூலில் இச்செய்தி காணப்படுகின்றது. நாம் இப்பொழுது வேரைத் தோண்டுவதில்லை. கவ்வாத்துக் கத்தியே எமக்குப் பனிக்காலம். வெட்டிய நாளிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் குலைகள் கறுத்து இனிக்கும். எமது பந்தலில் இருந்தவை பன்னிரண்டு கொடிகள். இஸ்ரேல் புளூ என்னும் இனம். சாறு மிகுதி, விதையும் உண்டு.

அவ்வாண்டு குலைகள் கறுத்துக் கொண்டிருந்த வேளையில், ஓகஸ்ட் 11 ஆம் நாள், முகமாலையிலே போர் மூண்டது. ஏ-9 வீதி மூடப்பட்டது. அதுவரை கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்த பழம் போக வழியில்லை. ஊரடங்குச் சட்டத்தால் சந்தை கூடிய நாட்களும் குறைவு; கூடினாலும் அரிசிக்கும் மாவுக்கும் அலைகின்றவர்கள் பழம் வாங்குவார்களா? பந்தலின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம். நூற்றைம்பது கிலோவுக்குக் குறையாது. மூத்த மகளின் படிப்புச் செலவும், கொடிக்கு எருப்போட்ட கடனும் அந்தக் குலைகளிலேதான் தொங்கின.

முதல் வாரம் உறவினருக்கும் அயலவருக்கும் கொடுத்தோம். அவர்கள் வளவுகளில் வெங்காயம் தேங்கிக் கிடந்தது; அவர்கள் வெங்காயம் தந்தார்கள். இரண்டாம் வாரம் அணிலும் வௌவாலும் தம் பங்கை எடுத்தன. அப்போதும் பந்தலிற் பாதி எஞ்சியிருந்தது.

இனிப்பைக் காக்க எமது முன்னோர் அறியாத வித்தையில்லை. பனம்பழக் களியைப் பாயிலே ஊற்றி வெயிலில் உலர்த்திப் பனாட்டு ஆக்கினார்கள். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பாளையிற் கட்டி, வடிந்த கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டி செய்தார்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்று பழமொழி சொல்லும் அளவுக்குப் பூவிலுள்ள இனிப்பையும் அறிந்திருந்தார்கள். அந்த இலுப்பையின் இனத்துப் பூவையே மத்திய இந்தியாவின் பழங்குடி மக்கள் உலர்த்தி, ஊறவைத்து, மதுவாக வடிக்கின்றார்கள். எமது அடுக்களைகளோ அந்தப் படிக்கு முன்னரே நிறுத்திக் கொண்டன. வெயில், சுண்ணாம்பு, நெருப்பு என்னும் மூன்றும் இனிப்பை அப்படியே நிறுத்திவைக்கும் காவலர்கள். பின்னாளில் வந்த முந்திரிகைக்கு மட்டும் இவ்வாறான வழியெதனையும் முன்னோர் எமக்கு வகுத்து வைக்கவில்லை.

ஓலைப்பாயில் உலர்த்திப் பார்த்தோம். நீர்ச்சத்து மிகுந்த பழமாதலால் ஈ மொய்த்தது. மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடித்தது. பாகு காய்ச்சவும் ஜாம் கிண்டவும் பழத்தின் எடைக்கு ஏறக்குறையச் சமமாகச் சீனி வேண்டும். சங்கக்கடை வரிசையில் அரைநாள் நின்று பெற்ற சீனி, பிள்ளைகளின் தேநீருக்கே போதவில்லை. தோலகட்டியின் நினைவு வந்தது. வசாவிளானுக்கு அருகே 1928 இல் தோமஸ் அடிகளார் நிறுவிய செபமாலைதாசர் ஆச்சிரமத்தின் முந்திரிகைச் சாறும் நெல்லிச் சாறும் ஒரு காலத்தில் சைவ வீடுகளிலும் விருந்தினருக்குக் கொடுக்கப்பட்டவை. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது அவ்வூரும் வெறுமையாயிற்று. 2006 இலும் அது மக்கள் போகமுடியாத வலயத்துள்ளேயே இருந்தது.

இந்நிலையில் இங்கிலாந்திலிருந்து மைத்துனரின் தொலைபேசி வந்தது. நாம் பழத்தின் கதையைச் சொன்னோம். அவர் சிரித்தார். "இஞ்சை சனம் வேலியிலை பூக்கிற பூவிலையே வைன் போடுது; நீங்கள் முந்திரிகையை வைச்சுக்கொண்டு அழுகிறியள்" என்றார். ஆங்கிலேயக் குடும்பங்களில் எல்டர் மரத்தின் வெண்பூவையும், டான்டிலியன் என்னும் புல்வெளி மஞ்சட் பூவையும், பிளம்ஸ் பழத்தையும், கறுப்புப் பெரிப் பழத்தையும் வீட்டிலே வைனாக்குவது பழைய வழக்கம். விற்காமல் வீட்டாரே அருந்துவதாயின் அங்கே சட்டமும் தடுப்பதில்லை. பூவில் மணமுண்டு, இனிப்புப் போதாது. ஆதலாற் சீனி சேர்க்கின்றார்கள். முந்திரிகைக்கோ அதுவும் வேண்டியதில்லை. நன்றாகப் பழுத்த பழச்சாற்றில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சர்க்கரையே. சீனியில்லாமல் பழத்தைக் காக்க ஒரு வழி உண்டென்றால் அது இதுவேயென்று எமக்குப் பட்டது.

இலங்கையிலோ சட்டம் வேறு. 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றி மது ஆக்குவது குற்றம். நாம் இதனை அறியாதவர்களல்லோம். ஊரே முடங்கிக் கிடக்கின்ற வேளையில் ஒரு பானைப் பழச்சாற்றை யார் கேட்கப் போகின்றார்கள் என்று எமக்கு நாமே சமாதானம் சொல்லிக் கொண்டோம். சட்டத்தைவிடப் பெரிய தடை வீட்டுக்குள்ளேயே இருந்தது. அது அம்மா.

அம்மாவின் தகப்பனார் நல்ல கமக்காரர். மாலையானால் தவறணைப் பக்கம் போவார். ஈடுவைத்த நெற்காணிகள் இரண்டும் மீளவில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுமியாக அம்மா இரவில் கண் மூடாமற் படுத்திருந்து படலையின் ஓசைக்குக் காது கொடுப்பாராம். படலை மெல்லத் திறந்தால் அன்று நல்ல இரவு. அடித்துத் திறந்தால் தாயாரின் சேலைத் தலைப்பைப் பற்றிக் கொள்வாராம். திருமணமாகி வந்த நாளில் அவர் எமது தந்தையாரிடம் கேட்டது ஒன்றே: இந்த வீட்டுக்குள் மது வரக்கூடாது. தந்தையார் இறுதிவரை அந்த வாக்கைக் காத்தார்.

இத்தனை உறுதியுள்ள அம்மாவும் அப்பம் சுடுகின்ற நாளில் ஒரு சிறு செம்பில் கள் வாங்குவிப்பார். அதனை ஒருபோதும் கள் என்று சொல்லமாட்டார். "அப்பத்துக்கு விடுகிறது" என்பார். கள்ளிலுள்ள மதுவம் மாவைப் புளிக்கச் செய்து பொங்கவைக்கும். வாயு அப்பத்தைத் துளைதுளையாக்கும். மதுசாரம் அடுப்பின் சூட்டில் பெரும்பாலும் ஆவியாகிவிடும். அம்மா இந்த விஞ்ஞானத்தைப் படித்தவரல்லர். ஆயினும் எங்கே விடவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்பதை அறிந்திருந்தார். நாமோ புத்தக விஞ்ஞானத்தை அறிந்திருந்தும் அதனை அறிந்திருக்கவில்லை.

அம்மாவிடம் சாறு பிழியப் போவதாக மட்டும் சொன்னோம். இருபது கிலோ பழத்தைக் காம்பகற்றி, கைகளால் பிசைந்து, இரண்டு மண்பானைகளில் இட்டு, பழைய வேட்டித் துண்டால் வாய் கட்டிக் கோடிப்புறத்தில் வைத்தோம். மதுவம் எதுவும் சேர்க்கவில்லை. பழத்தோலோடும் காற்றோடும் வருவதே போதும். மறுநாள் மாலையே பானைக்குள் மெல்லிய இரைச்சல் கேட்டது. தோல்கள் மேலே மிதந்து ஒரு தட்டாகத் திரண்டன. காலையும் மாலையும் அகப்பையால் அமுக்கிக் கலக்கினோம். சிவப்பும் ஊதாவுமான நுரை பொங்கிற்று. ஐந்தாம் நாள் பிழிந்து வடித்தபோது பதினொரு லீற்றர் வந்தது.

அன்றிரவு பிள்ளைகள் உறங்கியபின் நாமிருவரும் ஆளுக்கொரு கரண்டி சுவைத்தோம். இனிப்பு முழுவதும் போகவில்லை. நாவில் சிறிது கடித்தது. மணம் மழைக்குப்பின் பந்தலடியில் நிற்பது போலிருந்தது. நன்றாகவே இருந்தது. அதனை ஒருவருக்கொருவர் சொல்லிக் கொள்ளவில்லை.

தவறு அதன்பின்னரே நேர்ந்தது. பாதியை ஒரு மண்சாடியில் விட்டோம். மற்றப் பாதியைச் சோடாப் போத்தல்களில் நிரப்பி இறுக மூடினோம். மாணவர்கள் இந்தக் கணக்கைக் கேட்க வேண்டும். சர்க்கரை நொதிக்கும்போது எடையில் ஏறக்குறையப் பாதி மதுசாரமாகவும் மறுபாதி காபனீரொட்சைட்டு வாயுவாகவும் பிரிகின்றது. ஒரு லீற்றர் முந்திரிகைச் சாறு முற்றாக நொதித்தால் நாற்பது லீற்றருக்கும் மேற்பட்ட வாயு வெளிவரும். நாம் வடித்தபோது சாற்றிலே இன்னும் இனிப்பிருந்தது. அதாவது வாயுவும் வரவேண்டியிருந்தது. அதற்கு நாம் வழி வைக்கவில்லை.

நான்காம் இரவு. ஊரடங்கு, மின்சாரமும் இல்லை. நடுச்சாமம் கடந்து வீட்டின் பின்னே ஒரு வெடியோசை. ஒழுங்கை நாய்களெல்லாம் குரைத்தன. பிள்ளைகளைக் கட்டிலிலிருந்து இழுத்துத் தரையிற் கிடத்தினோம். இரண்டாவது ஓசை. பக்கத்து வீட்டில் எரிந்த சிறு விளக்கு உடனே அணைந்தது. ஒழுங்கை முழுவதும் மூச்சடக்கிக் கிடப்பது எமக்குத் தெரிந்தது. மூன்றாவது ஓசையின்போதுதான், புளித்த முந்திரிகையின் மணம் சாளரம் வழியே வந்தது. உண்மை விளங்கிற்று. ஆயினும் எழுந்துபோக அஞ்சினோம். இருளில் அம்மாவின் குரல் கேட்டது:

"தம்பி, உதென்ன மணம்?"

விடை சொல்ல எமக்கு நாவெழவில்லை. அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இருளிற் படுத்திருந்து படலையோசைக்குக் காது கொடுத்த அந்தச் சிறுமி மீண்டும் அவ்வாறே படுத்திருந்தார். இம்முறை அந்த ஓசையை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் நாம்.

விடிந்ததும் பார்த்தால் கோடிப்புறச் சுவரெங்கும் செந்நிறக் கறை. கண்ணாடித் துண்டுகளை எமக்கு முன்னரே அம்மா பொறுக்கிக் கொண்டிருந்தார். அயலவர் ஒருவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஒண்டுமில்லையே?" என்று கேட்டார். "போத்தல் வெடிச்சுப் போச்சு" என்றோம். அவர் முகத்தில் வந்த ஆறுதலைக் கண்டபோது எமக்கு வெட்கமாயிருந்தது.

அம்மா எம்மை ஏசவில்லை. எஞ்சிய போத்தல்களை ஈரச்சாக்கால் மூடி ஒவ்வொன்றாக மெல்லத் திறக்கச் சொன்னார். பின்பு கேட்டார்:

"குடிச்சுப் பாத்தனீங்களோ?"

"ஓம், ஒரு கரண்டி."

"நல்லாயிருந்ததோ?"

"நல்லாயிருந்தது, அம்மா."

"அதுதான் பயம்" என்றார். "கூடாமல் இருந்தால் ஏன் பயப்பிட வேணும்?"

மதுவிலக்குப் பற்றிப் பெரியோர் பலரின் சொற்பொழிவுகளை நாம் கேட்டிருக்கின்றோம். அந்தச் சொற்களில் இருந்த நேர்மையை எங்கும் கேட்டதில்லை. மதுவைக் கைப்பென்றும் நஞ்சென்றும் சொல்லிப் பிள்ளைகளைத் தடுப்பவர், அது இனிப்பதைப் பிள்ளை அறிந்த நாளிலே தோற்றுவிடுகின்றார். அம்மா அது நல்லாயிருக்கும் என்பதை ஒப்புக்கொண்டே அதனை மறுத்தார்.

ஆயினும் அவர் அதனைக் கொட்டச் சொல்லவில்லை. பழம் வீணாவதும் அவருக்குப் பாவமே. போத்தல்களில் மிஞ்சியதையும் மண்சாடியில் விட்டார். மூன்று பங்குக்கு ஒரு பங்கு ஆறிய கொதிநீர் சேர்த்தார். ஊறுகாய்க்கென்று வைத்திருந்த கள்ளு வினாகிரியில் ஒரு கோப்பை விட்டார். வாயை மூடாமல் மெல்லிய துணியை மட்டும் கட்டி, "இனி அது காத்துக் குடிக்கட்டும்" என்றார்.

அம்மா செய்தது யாதென்பதைப் பிரான்சு தேசத்து லூயி பாஸ்ச்சர் 1860களில் ஆராய்ந்து விளக்கியிருக்கின்றார். சர்க்கரையை மதுசாரமாக்குவது மதுவம். அதற்கு அடைத்த பாத்திரம் போதும். மதுசாரத்தை அசற்றிக்கமிலமாக்குவது வேறொரு நுண்ணுயிர். அதற்குக் காற்று வேண்டும். ஆகவே வைனை ஆக்குபவர் காற்றை மறிக்க வேண்டும், வாயு வெளியேற வழியும் விடவேண்டும். வினாகிரி ஆக்குபவர் வாயை அகலத் திறக்க வேண்டும். நாமோ வாயுவையும் அடைத்தோம். சில வாரங்களில் சாடியின் மேற்பரப்பில் மெல்லிய ஆடையொன்று படர்ந்தது. இதனை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வினாகிரியின் தாய் என்று அழைக்கின்றனர். இரண்டு மாதம் கழித்துத் துணியை அவிழ்த்தபோது மதுவின் மணம் முற்றாகப் போயிருந்தது. கண்ணாடியில் விட்டு வெளிச்சத்திற் பிடித்தால் மாதுளை நிறம். நாவில் வைத்தால் கூர்மையான புளிப்பு.

அந்த வினாகிரியிலே அம்மா அச்சாறு போட்டார். அயலவர் தந்த சின்ன வெங்காயத்தை முழுதாக உரித்து, பச்சைமிளகாய், அரைத்த கடுகு, உப்பு, ஒரு துண்டுப் பனங்கட்டி சேர்த்து ஊறவைத்தார். வெண்மையான வெங்காயம் சில நாட்களில் இளஞ்சிவப்பாயிற்று. விற்க வழியில்லாத பழமும் விற்க வழியில்லாத வெங்காயமும் ஒரு சாடிக்குள் ஒன்றையொன்று காத்தன. ஒழுங்கையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போத்தல் போயிற்று. சோறும் அச்சாறுமாகப் பல வீடுகளில் அம்மாதங்கள் கழிந்தன. மகளின் படிப்புச் செலவை அது தரவில்லை. அதற்கு அம்மாவின் சங்கிலி ஈட்டுக்குப் போயிற்று. தன் தகப்பனார் ஈடு வைத்ததற்கும் தாம் வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் ஒரு சொல்லாலும் எமக்குச் சுட்டிக் காட்டவில்லை. நாமே கண்டுகொண்டோம்.

பின்னாளில் வேறொரு வழியையும் கற்றுக் கொண்டோம். வடிகட்டிய சாற்றை ஏறக்குறைய 80 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, கொதிநீரில் அவித்த போத்தல்களில் சூட்டோடு நிரப்பி மூடினால் மதுவம் இறந்துவிடும். சீனி சேர்க்காமலே சாறு சில மாதங்கள் இனிமை குன்றாதிருக்கும். போத்தலைத் திறந்தபின் விரைவில் அருந்திவிட வேண்டும். பாஸ்ச்சர் காட்டிய வழி இது. கருப்பநீரைக் காய்ச்சிய எமது முன்னோருக்கும் அந்நியமானதன்று. அன்று இதனை அறிந்திருந்தால் சுவரிலே கறை படிந்திராது. எமக்கு இந்தப் பாடமும் கிடைத்திராது.

சங்கிலி மீட்கப்பட்டது. போர் 2009 இல் முடிந்தது. வீதி திறந்தது, பழம் மீண்டும் கொழும்புக்குப் போயிற்று. அம்மா இப்பொழுது இல்லை. கோடிப்புறச் சுவருக்குப் பலமுறை வெள்ளையடித்தும் ஒரு மூலையில் இளஞ்சிவப்பு நிழல் தெரிகின்றது. அதனை மறைக்க நாமும் அதிகம் முயலவில்லை.

மண்சாடி அடுக்களை மூலையில் இருக்கின்றது. ஒவ்வொரு பழப்பருவத்திலும் கடைசிக் குலைகளை ஒரு போத்தல் சாறாகப் பிழிந்து, பழைய வினாகிரியோடு அதில் விட்டு, மெல்லிய துணியால் வாய் கட்டுகின்றோம். தயிருக்கு உறை மோர் விடுவதுபோல, பழையது புதியதைத் தன் வழிக்குத் திருப்பிக் கொள்கின்றது. அம்மா அன்று விட்ட ஒரு கோப்பையின் வம்சமே இன்றும் அதில் வாழ்கின்றது. சென்ற முறை பேத்தி துணியை விலக்கி மணந்து பார்த்துவிட்டு, "இதை அடைச்சு வைச்சால் என்ன?" என்று கேட்டாள். நாம் அவளைக் கோடிப்புறத்துக்கு அழைத்துச் சென்று சுவரைக் காட்டினோம்.